மனையும் நீர்வாட்டமும்

நாகூருக்கு வடக்கே, திருமலைராயன்பட்டினத்துக்குத் தெற்கே, தமிழ்நாட்டின் எல்லையும் காரைக்கால் பகுதியின் எல்லையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் இடத்தில், கிழக்கே வங்கக் கடலும் அருகிலேயே வெட்டாற்றின் கழிமுகமுமாக அமைந்திருக்கிற கீழவாஞ்சூர், காவிரி பல கிளைகளாகப் பிரிந்து சமுத்திரத்தை அடைகிற பிரதேசத்தின் கடைக்கோடி ஊர்களுள் ஒன்று. தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து பிரிந்து வருகிற வெட்டாறு ஒரு பக்கமும், அரசலாறு, திருமலைராஜன் ஆறு, புறவடையனாறு முதலிய காரைக்கால் ஆறுகள் மறுபக்கமுமாக, மேற்கே வயல்களிலும் தெருக்களிலும் தேங்கிய மழை நீரெல்லாம் இந்தக் கடலோரத்தைக் கடந்துதான் போயாக வேண்டும். 2009இல் தொடங்கிய துறைமுகத்தினால் இன்று வெளியூராரும் அறிந்த பெயராகிவிட்ட இந்த ஊரில், ஐப்பசி பிறந்ததும் வீட்டு வாசலிலும் கொல்லையிலும் நீர் நின்றுவிடுவதும், அது வடிவதற்குள் அடுத்த மழை வந்துவிடுவதும், குடித்தனக்காரர்களுக்கு ஆண்டுதோறும் உண்டாகும் சங்கடமாகவே இருந்து வருகின்றன. இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரம் உண்டா, உண்டென்றால் சாதாரணக் குடும்பத்தார் தம் சக்திக்குட்பட்டுச் செய்துகொள்ளத்தக்கது எது என்பதைச் சற்று விரிவாகவே ஆராய்ந்து பார்ப்பது அவசியமென்று கருதுகிறேன்.

முதலில் பூமியின் சுபாவத்தை அறிந்துகொள்ள வேண்டும். டெல்டாவின் நிலம் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் சரிந்திருப்பது உண்மையாயினும், அந்தச் சரிவு கண்ணுக்குப் புலப்படாத அளவு மெலிந்தது. அதோடு கடற்கரையை ஒட்டி வடக்குத் தெற்காக ஓடுகிற மணல் மேடு ஒன்று, கிழக்கு நோக்கி வந்த நீரை நேரே கடலுக்குள் விடாமல் தடுத்து நிறுத்திவிடுகிறது. ஆகவே மணல் மேட்டின் மேற்குப் புறத்தில் நீளவாட்டில் கிடக்கும் தாழ்ந்த நிலமே ஊரில் மிகவும் பள்ளமான இடமாகி, அங்கே சேர்ந்த நீர் பக்கவாட்டில் ஆற்றின் முகத்துவாரம் வரையில் நகர்ந்து சென்ற பிறகே சமுத்திரத்தைக் காண்கிறது. கடல் கிழக்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, அதனால் தண்ணீர் தானே வடிந்துவிடும் என்று எண்ணி மனை வாங்குகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

இன்னொரு விஷயம், இதைவிட முக்கியமானது. இந்தக் கரையில் வீசும் வடகிழக்குப் பருவக்காற்று அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் ஆண்டு மழையின் பெரும்பங்கைக் கொண்டுவந்து கொட்டிவிடுகிறது. அதே மாதங்களில்தான் வங்கக் கடலின் சராசரி மட்டமும், நீரோட்டங்களின் காரணத்தால், மற்றப் பருவங்களைக் காட்டிலும் உயர்ந்து நிற்கிறது. இங்கே பௌர்ணமி, அமாவாசை நாட்களிலும் கடலேற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரை எட்டுவதில்லை. ஆனால் நிலமே கடல் மட்டத்துக்குச் சிறிதளவே மேற்பட்டு இருக்கும்போது அந்த வித்தியாசம் அற்பமானதாக இருப்பதில்லை: கடல் ஏறியிருக்கும் வேளையில் ஆறு வெளியேற மாட்டாமல் பின்வாங்க, ஆற்றில் விழ வேண்டிய வாய்க்காலும், வாய்க்காலில் விழ வேண்டிய தெருச் சாக்கடையும், சாக்கடையில் விழ வேண்டிய வீட்டுக் கொல்லைத் தண்ணீரும் ஒன்றன்பின் ஒன்றாக அப்படியே நின்றுவிடுகின்றன. 2008 நவம்பர் 27ஆம் தேதி காரைக்காலுக்கு அருகே கரை கடந்த 'நிஷா' புயலின்போதும், 2018 நவம்பர் 16ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய 'கஜா' புயலின்போதும் இந்த மாவட்டங்களின் மக்கள் பட்ட பாடு எல்லோரும் அறிந்ததே. புயல் இல்லாத சாதாரண அடைமழையிலும் அதே நிர்ப்பந்தம் சிறிய அளவில் நிகழ்ந்துகொண்டுதான் இருக்கிறது.

இதற்கு மக்கள் கண்டுபிடித்திருக்கும் உபாயம் ஒன்றே ஒன்று: மண் அடிப்பது. லாரியில் சவுடும் கிராவலும் வந்து விழ, மனை இரண்டடி உயர்கிறது. அந்த மண்ணின்மேல் எழும் வீட்டின் பேஸ்மட்டம் இன்னும் மூன்றடி உயர்கிறது. அந்த வீட்டு நீர் அடுத்த மனைக்குள் இறங்க, அந்த மனைக்காரர் அதற்கும் அரையடி மேலாக மண் அடிக்கிறார். சாலை போடுகிறவர்களும் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதிய தாரை விரித்துக்கொண்டு போவதால், ஒரு காலத்தில் நான்கு படி ஏறிப் போன வாசல்கள் படி இறங்கிப் போகும் வாசல்களாகிவிட்டன. இந்தத் தீமையை உணர்ந்தே 2021இல் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் சாலைகளைச் சுரண்டி எடுத்த பின்பே மறுபடி போட வேண்டுமென்றும், வீடுகளின் மட்டத்துக்கு மேலே சாலை உயரலாகாதென்றும் அறிவுறுத்தினார். பேஸ்மட்டத்தின் அடியில் ஜாக்கிகளை வைத்து வீட்டையே தூக்கி நிறுத்தும் தொழில் தமிழகமெங்கும் பெருகியிருப்பதும் இந்தப் போட்டியின் விளைவுதான். என் அபிப்பிராயத்தில் மண் அடிப்பது வேறு, நீர் வடிப்பது வேறு. முன்னது தண்ணீரைத் தன் மனையிலிருந்து பிறர் மனைக்கு மாற்றுவது. பின்னது தண்ணீருக்குப் போகுமிடம் ஒன்றைக் காட்டுவது. அனுபவமுள்ள கொத்தனார் எவரும், கொல்லையைச் சரிசெய்ய அழைத்த வீட்டம்மாளிடம் கேட்கும் முதல் கேள்வி, "தண்ணிய எங்கம்மா விடுறது?" என்பதே. அதற்கு விடை கிடைக்கும் வரையில் மண்வெட்டியைத் தொடாதிருப்பது நல்லது.

இந்த விஷயத்தில் சட்டமும் ஒரு தீர்மானமான அபிப்பிராயம் கொண்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர்களின் வசமிருந்து, 1954 நவம்பர் 1ஆம் தேதி இந்திய நிர்வாகத்துக்கு வந்த பிரதேசமாகையால், 1804இல் பிரான்ஸில் இயற்றப்பட்ட சிவில் சட்டத் தொகுப்பு இந்த மண்ணில் நீண்ட காலம் நடைமுறையில் இருந்தது. அதன் 640ஆவது பிரிவு, மனிதர் கை படாமல் இயற்கையாக மேல் நிலத்திலிருந்து இறங்கி வரும் நீரைக் கீழ் நிலத்துக்காரர் ஏற்றுக்கொள்ள வேண்டும், அதைத் தடுக்க அணை எழுப்பலாகாது என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் மேல் நிலத்துக்காரரும் கீழ் நிலத்தின் பாரத்தை அதிகப்படுத்தும் எதையும் செய்யலாகாது என்று கட்டுப்படுத்துகிறது. 681ஆவது பிரிவோ, கூரை நீர் சொந்த நிலத்திலோ பொது வழியிலோதான் விழ வேண்டும், அண்டை வீட்டார் நிலத்தில் விழலாகாது என்கிறது. எல்லைக்கு அப்பால் ஆங்கிலேயர் ஆட்சியில் பிறந்த 1882ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மெண்ட் சட்டமும் தன் 7ஆவது பிரிவின் உதாரணங்களில், மேல் நிலத்து நீர் இயல்பாகக் கீழ் நிலத்துக்கு ஓடும் உரிமையை அங்கீகரிக்கிறது. இரண்டு தேசத்து நியாயவாதிகளும் தனித்தனியே வந்து சேர்ந்த இடம் ஒன்றாயிருப்பதைக் காணும்போது, இது சட்டத்துக்கு முன்பே அயலாருக்குள் இருந்துவந்த தர்மம் என்றே எனக்குத் தோன்றுகிறது. மனையை உயர்த்துகிறவர், உயர்த்திய மண்ணின் நீரைத் தன் எல்லைக்குள்ளேயே திரட்டிப் பொது வடிகாலில் கொண்டுபோய் விடக் கடமைப்பட்டவர்.

நம் முன்னோரின் வீடுகளைப் பார்த்தால் இந்தக் கவலை அவற்றின் அமைப்பிலேயே கலந்திருப்பது தெரியும். ஓட்டுக் கூரையின் இறவாரம் சுவருக்கு வெளியே நன்றாக நீண்டிருக்கும். நடு முற்றத்தில் விழும் மழை, கல் பாவிய தளத்தின் வாட்டத்தில் ஒரு மூலைக்கு ஒதுங்கி, அங்கேயுள்ள தூம்பின் வழியாக நடைக்கு அடியில் மூடிய ஜலதாரையில் புகுந்து, தெருவுக்கோ கொல்லைக் குட்டைக்கோ போய்ச் சேரும். இது நேற்று வந்த ஞானமன்று. புதுச்சேரிக்கு அருகேயுள்ள அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் 1945இல் அகழ்ந்தபோது, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட செங்கல் தொட்டிகளும் அவற்றோடு இணைந்த செங்கல் வடிகால்களும் வெளிப்பட்டன. இன்றைய காங்கிரீட் வீடுகளில் மொட்டை மாடியின் நீர் முழுவதும் இரண்டு மூன்று குழாய்களின் வழியே சுவரோரத்திலேயே குத்தென்று விழுந்து அஸ்திவாரத்தை நனைத்துக்கொண்டிருக்கிறது. ஆயிரம் சதுர அடி மாடியில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால், அது ஏறத்தாழ 9,300 லிட்டர் ஜலம். இந்தக் கரையில் பத்து சென்டிமீட்டர் என்பது ஒரே இரவில் பெய்துவிடக்கூடியது. கொல்லையில் நீர் நிற்கிறதென்று முறையிடும் பல வீடுகளில், அந்த நீரின் பெரும்பகுதி வேறெங்கிருந்தும் வந்ததன்று, சொந்தக் கூரையிலிருந்து வந்ததே. மாடிக் குழாயின் வாயை முழங்கைக் குழாய் வைத்துத் திருப்பிச் சுவருக்கு ஆறு முதல் பத்தடி அப்பால் கொண்டுபோய் விடுவதே, செலவு குறைந்ததும் பயன் மிகுந்ததுமான முதல் காரியம்.

அதற்கு அடுத்தது அளவெடுப்பது. கண்ணால் மட்டம் பார்த்து மண் தள்ளுவது டெல்டாவில் செல்லாது; இங்கே இரண்டு அங்குலப் பிழை வந்தாலும் நீர் திசை மாறிவிடும். இதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. கொத்தனார்கள் கையில் வைத்திருக்கும் டியூப் லெவல், அதாவது இருபது முப்பதடி நீளமுள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் நீரை நிரப்பியது, போதுமானது. ஒரு முனையை வீட்டுச் சுவரோரம் நட்ட கழியிலும், மறு முனையைக் கொல்லையின் கோடியில் நட்ட கழியிலும் பிடித்தால் இரண்டு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த இரு குறிகளிலிருந்தும் தரைக்குள்ள உயரத்தை அளந்து கழித்துப் பார்த்தால், எந்த இடம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பது அங்குலக் கணக்கில் தெரிந்துவிடும். இப்படி மனையைச் சதுரம் சதுரமாக அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்வதோடு, தெருச் சாக்கடையின் அடித்தளத்தையும் அதே குழாயால் அளந்துகொள்ளத் தவறக் கூடாது. சாக்கடையின் அடித்தளம் கொல்லையைவிட உயர்ந்திருக்குமானால், கொல்லையில் எத்தனை நேர்த்தியான வாய்க்கால் வெட்டினாலும் அது வீண். மழை பெய்துகொண்டிருக்கும்போதே குடையைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை வீட்டைச் சுற்றி நடந்து, நீர் எங்கே திரும்புகிறது, எங்கே தயங்குகிறது என்று கவனித்து முளை அடித்து வைப்பதும் மிக்க பயனுடையது.

தரைக்கு வாட்டம் எவ்வளவு கொடுப்பது? சுவரையொட்டிய முதல் பத்தடிக்குள் ஆறங்குலம் தாழ வேண்டுமென்பது அமெரிக்க வீட்டுக் கட்டுமான விதிகள் வகுத்திருக்கும் அளவு. சிமெண்டுத் தளமாயின் ஐம்பதடிக்கு ஓரடி போதும். நம் தேசியக் கட்டட விதித் தொகுப்பு, வீட்டின் பேஸ்மட்டம் சுற்றுத் தரைக்கு மேல் குறைந்தது 45 சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும் என்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துக்கொண்டு பார்த்தால், பழைய வீட்டுக்காரர்கள் செய்யும் பெரும்பிழை ஒன்று விளங்கும்: வாட்டம் கொடுப்பதற்காகச் சுவரோரம் மண்ணைக் குவித்துக்கொண்டே போய்ப் பேஸ்மட்டத்தை மூடிவிடுவது. அங்கே போட்ட ஈரத்தடுப்புப் பட்டை மண்ணுக்குள் புதைந்தவுடன், வெளியீரம் அதைத் தாண்டிச் சுவரில் ஏறி, ஓதம் காத்து, உப்புப் பூத்து, காரை பொரிந்து உதிரத் தொடங்கும். கடலோரத்தில் மண்ணிலும் நீரிலும் உப்பு இருப்பதால் இந்தச் சேதம் உள்நாட்டு ஊர்களைக் காட்டிலும் அதிகமாகும். ஆகவே சுவரோரத்தை உயர்த்த இடமில்லாத வீடுகளில், வெளிப்புறத்தைத் தாழ்த்தியே வாட்டம் உண்டாக்க வேண்டும்.

கொட்டும் மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. மணலானால் நீர் உடனே இறங்கிவிடும், அதனால் சுவரோரம் மணல் போடலாம் என்கிற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆனால் அந்த நீர் இறங்கிப் போகுமிடம் அஸ்திவாரத்தின் பக்கம்தான். சுவரையொட்டிய பகுதிக்குக் களிப்பான மண்ணே ஏற்றது; அதையும் ஒரேயடியாகக் கொட்டாமல் அரையடி அரையடியாகப் பரப்பி, நீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்க வேண்டும். கடல் மணலை எந்த வேலைக்கும் வீட்டருகே கொண்டுவரக் கூடாது.

இப்படிச் சுவரைவிட்டு அகன்ற நீரை மனையின் எல்லையோரமாக நடத்திச் செல்ல, ஆழமான சிமெண்டுக் கால்வாயைக் காட்டிலும், இரண்டு மூன்றடி அகலமும் அரையடி ஆழமும் கொண்ட, அருகம்புல் படர்ந்த சிறு ஓடையையே நான் சிறந்ததாக எண்ணுகிறேன். நூறடிக்கு ஓரடி வாட்டம் இருந்தால் அதில் நீர் மெதுவாக நகரும். சேறு படிந்தாலும் மண்வெட்டியால் வழித்துவிடலாம். குழந்தைகள் விழுந்தாலும் அபாயமில்லை. இடம் குறுகிய மனைகளில், பள்ளம் தோண்டி ஜல்லி நிரப்பித் துளையிட்ட குழாயைப் பதிக்கும் முறை இப்போது பரவி வருகிறது. 1859இல் அமெரிக்க வழக்கறிஞர் ஹென்றி பிளாக் பிரெஞ்சு என்பவர் பண்ணை வடிகாலைப் பற்றி எழுதிய நூலால் பிரசித்தமடைந்த முறை அது. மேட்டு நிலங்களில் அது நன்றாகவே வேலை செய்கிறது. இங்கேயோ அதன் வெளிவாய் தாழ்ந்த இடத்தில் திறந்திருந்தாலன்றி, கார்த்திகையில் நிலத்தடி நீரே மேலெழுந்து அந்த ஜல்லிப் பள்ளத்தை நிரப்பிவிடும். பிறகு அது வடிகாலாக இராது, மறைந்திருக்கும் குட்டையாகவே இருக்கும். ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு இதைச் செய்துதர முன்வருகிறவரிடம், வெளிவாய் எங்கே என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உறிஞ்சு குழிகளின் கதையும் மண்ணைப் பொறுத்ததே. மணற்பாங்கான நிலம் மணிக்கு முப்பது மில்லிமீட்டருக்கு மேல் நீரைக் குடிக்கும். வண்டற் களி ஒன்று முதல் ஐந்து மில்லிமீட்டர்தான் குடிக்கும். எனவே கடற்கரை மேட்டை ஒட்டிய வீடுகளில் உறிஞ்சு குழி பெரிதும் உதவும். மேற்கே வயலோர வீடுகளில் அதை நம்புவதற்கில்லை. மேட்டு வீடுகளில் அதை வெட்டச் சொல்வதற்கு வடிகாலைவிட முக்கியமான காரணம் ஒன்றுண்டு. கடற்கரை மணலுக்கு அடியில் உவர்நீர் கிடக்க, அதன்மேல் மழையின் நன்னீர், எடை குறைந்ததாகையால், தனிப் படலமாக மிதந்துகொண்டிருக்கிறது. அந்த நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால் கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி வரையில் உப்பு நீரைத் தள்ளி வைத்திருக்கும் என்பது, கைபன், ஹெர்ஸ்பெர்க் என்னும் இருவர் கண்டறிந்த கணக்கு. மழை முழுவதையும் அவசர அவசரமாகக் கடலுக்கு ஓட்டிவிட்டால், பங்குனியில் கிணற்று நீர் உப்புக் கரிக்கும். ஆகையால் முதல் மழைகளை மணலுக்குக் குடிக்கக் கொடுத்து, மணல் நிறைந்த பிறகு வருவதை மட்டும் வடிகாலுக்கு விடும்படி, உறிஞ்சு குழியின் மேல்விளிம்பிலிருந்து ஓடைக்கு ஒரு வழிவாய் வைத்துக்கொள்வதே இந்த ஊருக்குப் பொருந்திய ஏற்பாடு. கழிப்பறைத் தொட்டியின் நீரை எக்காரணத்தாலும் இந்தக் குழியோடு சேர்க்கலாகாது. அடைமழைக் காலத்தில் நிலத்தடி நீர் உயர்ந்து தொட்டி நிரம்பிப் பொங்கும் வீடுகளில் இரண்டும் கலந்தால், கிணறு கெட்டு நோய் வரும். தேங்கிய நீரில் கொசு முட்டையிட்டுப் பறக்கும் பருவத்தை அடைய ஒரு வாரம் பத்து நாளே ஆகுமென்பதால், எந்த ஓடையிலும் மூன்று நாளைக்கு மேல் நீர் நிற்க விடக் கூடாது.

மதில் எழுப்புகிறவர்கள் அதன் அடியில் ஐந்தாறு அடிக்கொரு தூம்பு வைக்க மறந்துவிடுகிறார்கள். மனைக்குள் பெய்தது வெளியேற முடியாமல் மதிலே ஏரிக்கரையாகி, ஈரமேறிய மண் தள்ளத் தள்ள அது ஒருநாள் சாய்ந்தும் விடுகிறது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலைக்குப் பின் இந்தக் கரை நெடுக எழுந்த புதிய குடியிருப்புகளிலும், வீட்டின் உறுதிக்குக் காட்டிய சிரத்தை பல இடங்களில் சுற்றுத் தரையின் வாட்டத்துக்குக் காட்டப்படவில்லை. அங்கே குடியிருக்கிறவர்கள் அண்டை வீட்டாரோடு கலந்து நாலைந்து மனைகளுக்கும் பொதுவாக ஓர் ஓடை வெட்டிக்கொள்வதே தனித்தனியே பாடுபடுவதைவிட மேலானது.

ஏனெனில் வீட்டு ஓடையின் கதி தெரு வடிகாலின் கையில் இருக்கிறது. நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் வேலிக்காத்தானும் அடைத்துக்கொண்ட வாய்க்கால், எத்தனை அகலமாயிருந்தாலும் நீரை நகர விடாது. ஊரார் சேர்ந்து வாய்க்காலைத் தூர்வாரும் குடிமராமத்து என்கிற வழக்கம் டெல்டாவில் நெடுங்காலம் உயிரோடிருந்தது. 1858இல் சென்னை மாகாணத்துக்காக அதற்குச் சட்டமே இயற்றப்பட்டது. 2017இல் தமிழக அரசு அந்தப் பெயரிலேயே ஒரு திட்டத்தை மறுபடி தொடங்கியது. கீழவாஞ்சூரிலும் அதைப் போன்ற ஊர்களிலும் பெரிய வடிகால்களைத் தூர்வாருவது அரசாங்கத்தின் வேலைதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்காக மனுக் கொடுப்பதிலும் கேட்டுக்கொண்டே இருப்பதிலும் ஊரார் சோர்வடையக் கூடாது. ஆனால் தெருமுனை மதகில் சிக்கிய பிளாஸ்டிக் பைகளையும் தென்னை மட்டைகளையும் எடுத்துப் போடுவதற்கு எந்த அதிகாரியின் உத்தரவும் வேண்டியதில்லை.

இந்த வேலைகளுக்கெல்லாம் உரிய காலம், நிலம் காய்ந்து கெட்டியாகி, கிணற்று நீர் கீழே போயிருக்கும் சித்திரை, வைகாசி மாதங்கள். ஆடிக்குள் மண் வேலை முடிந்தால் ஐப்பசிக்குள் புல் பிடித்துவிடும். புதிதாகக் கொட்டிய மண் எவ்வளவு இறுக்கினாலும் முதல் மழைக்காலத்தில் சற்று அமுங்கவே செய்யும். ஆகவே தை பிறந்து நீர் வடிந்ததும் மறுபடி டியூப் லெவலை எடுத்து, சுவரோரம் பள்ளம் விழுந்த இடங்களில் மண் சேர்த்து, ஓடையில் படிந்த வண்டலை வழித்து அந்த மண்ணையே தென்னம்பாத்திக்கு இட்டுவிட்டால், அடுத்த ஆண்டு வேலை ஒரு பகலில் முடிந்துவிடும்.